தண்ணீர் மாற்றித் தந்தவர்

கழுவிய தண்ணீரைப் பார்த்தே அவர் ஆளைச் சொல்லிவிடுவார். நீர்வண்ணம் பழகுகிறவர்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு டப்பா தண்ணீர் இருக்கும். தூரிகையை அதில் அலசிவிட்டுத்தான் அடுத்த வண்ணத்துக்குப் போகவேண்டும். அந்த டப்பாக்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தம்மா இன்னைக்கு நீலத்த விட்டு அங்கன இங்கன போகல," என்பார். "இது யாரு தண்ணி? வந்து ஒரு மணி நேரமாச்சு, அப்படியே தெளிஞ்சு கெடக்கு. பேசிக்கிட்டே இருந்திட்டாவ போல." ஒரு நாள் என் டப்பாவை அப்படிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க ரொம்ப பயப்படுதிய," என்றார்.

"எப்படிச் சொல்றேள்?"

"பயந்தவங்க அடிக்கொரு தடவ பிரஷ்ஷ அலசுவாவ. ஒண்ணப் போட்டுட்டு, ஐயோ தப்பாப் போச்சோன்னு அலசுவாவ. தண்ணி சட்டுனு கறுத்துரும். பாருங்க, ஒங்களுது சாக்கடையால்லா இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒரு ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் பார்த்தவள் நான். யார் எத்தனை நிமிஷம் தாமதம், யார் லீவு எழுதாமல் சினிமாவுக்குப் போனார்கள் என்பதெல்லாம் என் விரல் நுனியில் இருக்கும். என் பேனாவுக்குப் பயந்தவர்கள் உண்டே தவிர, நான் பயந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே எனக்குப் பயம்தான். அதை வீட்டில் என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை. தண்ணீர் மாற்றுகிற ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரே என்பதுதான் அந்தக் கோபம்.

"தண்ணீர் மாற்றுகிற ஒருவர்" என்று இப்போதும் எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு எழுதலாம். வேண்டாம், இருக்கட்டும்.

பம்பாய்ச் செம்பூரில் எங்கள் காலனிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்ச் சங்கத்து ஹால். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அங்கே நீர்வண்ண வகுப்பு. நாங்கள் பதினோரு பேர். பெரும்பாலும் என்னைப்போல ரிடையர் ஆனவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாதவர்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் இருபத்தாறு வயது மராத்திப் பெண். எங்கள் எல்லாருக்கும் அவள் டீச்சர், அவளுக்கு நாங்கள் எல்லாரும் ஆன்ட்டி, அங்கிள். அவர் ஒருவர் மட்டும் காக்கா. மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா.

முதல் நாளே அது நடந்தது. அவர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நீல முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. ஹாலின் வாட்ச்மேனும் நீலச் சட்டைதான். நான் அரை மணி நேரத்துக்குள் தண்ணீரைக் கலக்கிச் சேறாக்கிவிட்டு, டப்பாவை அவர் பக்கம் நீட்டினேன். "இதைக் கொஞ்சம் மாத்திண்டு வாங்கோளேன்." அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது டப்பாவின் வெளிப்பக்கம்கூட ஈரமில்லாமல் துடைத்திருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து அம்மாள் தன்னுடையதை நீட்டினாள். அடுத்தவர் நீட்டினார். அப்படி ஆரம்பித்ததுதான். நான் மரியாதையாகத்தான் கேட்டேன், வாங்கோ போங்கோ என்றுதான் பேசினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவளுக்கும் மரியாதை உண்டு, தனி டம்ளரும் உண்டு.

மூன்றாவது வாரம் டீச்சர் எங்கள் தாள்களை எல்லாம் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். அன்றைய பாடம் ஒரே நீலத்தை மேலே அடர்த்தியாக ஆரம்பித்துக் கீழே வரவர வெளிறச் செய்வது. வானம் போடப் பழகுவதற்கு. கேட்க எளிது. எங்கள் வானங்களில் எல்லாம் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருந்தது. என்னுடையதில் நான் திருத்தப்போய்த் தாளே நைந்து திரிதிரியாக வந்துவிட்டது. ஒரு தாளில் மட்டும் நீலம் எங்கே முடிந்தது, வெள்ளை எங்கே தொடங்கியது என்று சொல்லவே முடியவில்லை. டீச்சர் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"யே கிஸ்கா ஹை?" இது யாருடையது என்று கேட்டாள்.

"மேரா, மேடம்."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. அவர் இரண்டு கையிலும் இரண்டிரண்டு டப்பாவாக, நான்கு பேர் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். இடக்கையில் இருந்த ஒன்று என்னுடையது.

"அட, இவரும் போடுவாரா!" என்றாள் பக்கத்து அம்மாள் சத்தமாகவே.

அவர் சிரித்தார். "போடத்தானம்மா வாரேன்."

எழுந்து போய் டப்பாவை வாங்கியிருக்கலாம். ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோங்கோ என்று, சொல்லியிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், அவர் வைப்பதற்கு வசதியாக என் வண்ணப் பெட்டியைச் சற்று நகர்த்தி மேஜையில் இடம் பண்ணிக் கொடுத்தேன். அவர் வைத்தார். அடுத்த வாரமும் டப்பாவை நீட்டினேன். நிறுத்தினால் முன்பு கொடுத்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுத்துக்கொண்டே இருந்தால் அது வழக்கமாகிவிடும். ஆபீஸில் எத்தனையோ பேர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

கோவண்டிப் பக்கம் ஒரு கேரேஜில் வண்டிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது அவர் தொழில் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. வீடு மான்குர்தில். ஊர் திருநெல்வேலிப் பக்கம், அதை அவர் பேச்சே சொல்லும். ஒரு வண்டிக்கு நான்கு கோட்டு அடிக்கிறவருக்கு, ஒரு கோட்டு காயாமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. நாங்கள் எல்லாரும் அவசரத்தில் ஈரத்தின் மேலேயே தூரிகையை வைத்துச் சொதப்புவோம். டீச்சர் "சூக்னே தோ ஆன்ட்டி, சூக்னே தோ," காயவிடுங்கள் காயவிடுங்கள் என்று அலறுவாள். அவர் புறங்கையைத் தாளுக்கு மேல் கொண்டுபோவார், தொடமாட்டார். "குளுருதுல்லா? அப்போ உள்ள ஈரம் இருக்கு. பாக்கக் காஞ்ச மாதிரிதான் இருக்கும். நம்பப்படாது." நானும் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது. இன்றைக்கும் அந்த ஒரு வித்தைதான் எனக்கு உருப்படியாகத் தெரியும்.

அவரால் தாங்கவே முடியாத ஆச்சரியம் ஒன்று இருந்தது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒன்றைப் பூசமாட்டார்கள். எது வெள்ளையாக இருக்கவேண்டுமோ அதைத் தொடாமல் விட்டுவிடவேண்டும், தாள்தான் வெள்ளை. "இருவது வருசமா வெள்ள அடிக்கேன்," என்று வாரம் தவறாமல் யாரிடமாவது சொல்லுவார். "பம்பாயில முக்காவாசி வண்டி வெள்ளதான். இங்க வந்தா அடிக்காம விட்டாத்தான் வெள்ளைங்காவ! வீட்டுல சொன்னா எம்மவ சிரிக்கா. அப்பா, ஒண்ணும் பண்ணாம இருக்கதுக்கா கிளாசுக்குப் போறீங்கன்னு கேக்கா." இதைச் சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். ஆனால் மகள் பேச்சு வரும்போது சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாக நின்றுவிடும். "அவ நம்பலம்மா. ஞாயித்துக்கெழம அப்பா எங்கயோ சீட்டாடப் போறாருன்னுதான் நெனைக்கா. ஒரு படம் கொண்டுபோயிக் காட்டினேன். கடையில வாங்கினதான்னு கேட்டா."

ஒரு வாரம் அவர் வரவில்லை. பதினோரு மணிக்குள் எல்லார் தண்ணீரும் கறுத்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு ஆள் வரலையா?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார், என்னவோ பால்காரன் வராத மாதிரி. கடைசியில் நானே என் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குழாய் எங்கே இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. நடை முழுவதும் கடந்து, ஆறு படி இறங்கி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டிப் போகவேண்டும். குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகியது. ஒரு டப்பா நிறையும்வரை அங்கே நின்றேன். பதினோரு பேருக்கு, இரண்டு மணி நேரத்தில் இரண்டு முறையாவது மாற்றவேண்டும் என்றால் அவர் எந்த நேரத்தில் உட்கார்ந்து படம் போட்டார்? வகுப்பில் பாதியை எங்களுக்காகக் குழாயடியில் கழித்திருக்கிறார். அடுத்த வாரம் அவர் வந்தார், அக்காள் பேத்திக்குக் காதுகுத்து என்றார், என் டப்பாவுக்குக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன்.

அவர் ஏன் செய்தார் என்று கேட்பீர்கள். ஒரு முறை கேட்டேன், அதுவும் பட்டும் படாமல். "உங்களுக்குச் சிரமமா இல்லையோ?"

"என்னம்மா சிரமம்? பதினோரு பேரு தண்ணியும் எங்கையிலதான போவுது. யாரு எந்தக் கலர எதோட சேத்தாவன்னு எனக்குல்லா தெரியுது. டீச்சர் ஒரு பாடம் நடத்துனா நா பதினொண்ணு படிக்கேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க மொத நாளு கூப்பிட்டுக் குடுத்திய. அன்னைக்கு நா உள்ள வரலாமா வேண்டாமான்னு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாம் பெரிய ஆளுவளா இருக்காவளேன்னு. நீங்க குடுத்ததும் சரி, உள்ள போவ ஒரு வேல கெடச்சுதுன்னு வந்துட்டேன்," என்றார்.

நன்றி சொல்கிற மாதிரி சொன்னார்.

நான்கு மாதம் முடிந்தபோது சங்கத்து ஆண்டுவிழா வந்தது. எங்கள் படங்களை ஹாலில் ஒரு ஞாயிறு முழுக்கத் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு படம், அதன் கீழே பெயர்ச்சீட்டு. சீட்டு தமிழில்தான் இருக்கவேண்டும் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். டீச்சருக்குத் தமிழ் எழுத வராது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாருமாக என் தலையில் கட்டினார்கள். எனக்குப் பெருமைதான்.

அவர் போட்டிருந்த படம் மழையில் நிற்கிற ஒரு வெள்ளைக் கார். முன்பக்கத்து பம்பர் கழற்றிக் கிடக்க, கேரேஜ் வாசலில் நின்றது. சுற்றிலும் சாம்பலும் நீலமுமாக மழை, காரை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். வெறும் தாள், ஆனால் கை வைத்தால் தகரம் சில்லென்று தட்டும்போல இருந்தது. எங்கள் பதினோரு படத்தில் படம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். "அன்னைக்கு மட்டும் ஒரு வண்டி டெலிவரி இருக்கும்மா, மத்தியானந்தான் வருவேன்," என்றார். "எம்மவ காலையிலயே வந்துருவா. வரமாட்டேன்னா. சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வச்சிருக்கேன். அவ மட்டும் ஒரு தடவ பாத்துட்டா போதும்."

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். பத்துப் பெயர் எழுதினேன், இனிஷியலோடு. பதினோராவது சீட்டில் பேனா நின்றுவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு வாட்ஸப் குரூப்பில் பார்க்கலாம் என்றால், அதில் அவரை யாரும் சேர்த்திருக்கவில்லை. டீச்சருக்கு ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் நான்கு மாதம் ஒருவர் கையில் டப்பாவைக் கொடுத்து வாங்கிவிட்டு, உங்கள் பெயர் என்ன என்று எந்த வாயால் கேட்பது? முந்நூறு பேர் பெயரை இனிஷியலோடு ஒப்பிக்கிறவள் என்று ஆபீஸில் பெயரெடுத்தவள் நான். மறுநாள் காலை ஹாலில் பத்துப் படங்களைத் தொங்கவிட்டேன். காரை மட்டும் அட்டை ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டேன். கூட்டத்தில் ஒரு படம் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, கேட்டால் மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். இதுதான் என் கணக்கு. இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். இஸ்திரி போட்ட சுரிதார், தோளில் ஆபீஸ் பை. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை ஹாலைச் சுற்றினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, எங்கப்பா பெயின்டிங் எது? தமிழ்ல எழுதிருக்கீங்க, எனக்குப் படிக்க வராது."

கையை நீட்டி ஏதாவது ஒன்றைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. படிக்கத்தான் தெரியாதே. அப்படித் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அதற்குள் அவளே, "வெள்ளக் கார்னு சொன்னாரு. இங்க காரே இல்லியே," என்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. நாம் நினைத்தது சரிதான் என்கிற ஒரு சோர்வு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொய் எல்லாம் மறந்துபோயிற்று.

"இருக்கும்மா, இருக்கு. உள்ள வச்சிருக்கேன். சீட்டு மட்டும்தான் பாக்கி."

"அப்பா எப்ப வருவார்னு கேக்கணும். என் போன்ல நெட்வொர்க்கே வரல. உங்க போன் கொடுக்கிறீங்களா, ஆன்ட்டி?"

கொடுத்தேன். நல்லவேளை பேச்சு வேறு பக்கம் போயிற்று என்று ஃபோல்டரைத் தேடத் திரும்பினேன். அவள் அப்பாவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். கடைசி இலக்கத்தை அழுத்தியதும், போன் தனக்குத் தெரிந்த பெயரைக் காட்டிவிட்டது. இரண்டாவது வாரம், ஹாலைத் திறந்தாயிற்றா என்று கேட்க இருக்கட்டும் என்று நான் அவர் எண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆங்கில எழுத்தில், இந்தியில் போட்டிருந்தேன். பானி வாலா. தண்ணிக்காரன்.

அதை அவளுக்குப் படிக்க வரும்.

போன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் எடுத்ததும், "அப்பா, நான் வந்துட்டேன். நீங்க வாங்க," என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். போனை என்னிடம் நீட்டப் போனவள் நிறுத்தினாள். கட்டைவிரலால் எதையோ அழித்தாள். நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பிறகு கொடுத்தாள்.

"இதுதான் எங்கப்பா பேரு, ஆன்ட்டி."

இனிஷியலோடு முழுப் பெயர். அதை இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது இன்னொரு தப்பு.

சீட்டு எழுதினேன். என் முத்து முத்தான கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவளே ஃபோல்டரிலிருந்து படத்தை எடுத்தாள், கயிற்றில் மாட்டினாள், சீட்டை ஒட்டினாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் கார்ல கலரே போடல," என்றாள் தனக்குத்தானே. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பேச வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணிக்கு அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைப் பெயிண்டுத் தூசி. படத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். சீட்டைத்தான் குனிந்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"யம்மா! எம்பேரு ஒங்களுக்குத் தெரியுமா? இனிஷியலோடல்லா எழுதிருக்கிய!" மகளைப் பிடித்து இழுத்தார். "பாத்தியாட்டி? நா சொன்னம்லா, இங்கன எல்லாரும் எங்கிட்ட எம்புட்டு மருவாதியா இருப்பாவன்னு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாம இருக்குமா?" என்றேன் நான்.

அவள் போனை எடுத்தாள். அப்பாவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள், அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவர் கையை ஆட்டி என்னையும் கூப்பிட்டார். "வாங்கம்மா, நீங்களும் வந்து நில்லுங்க." நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அந்தப் பெண்.

நான் தள்ளி நின்றேன்.